உடன்போக்கும் உல்லாசப் பயணமும்

ஆண்டிறுதி விடுமுறை நெருங்குந்தோறும் சிராங்கூன் சாலைப் பயண முகவர் நிலையங்களில் வண்ண விளம்பரத் தாள்கள் குவியத் தொடங்குகின்றன. ஆங் மோ கியோ அடுக்குமாடிகளின் அஞ்சற்பெட்டிகளையும் அவை விட்டுவைப்பதில்லை. இப்பொழுது கைப்பேசித் திரையிலும் வந்து விழுகின்றன. அவற்றுள் ஒருவகை, புதுமணத் தம்பதியர்க்கென்றே ஆக்கப்படுவது. மூன்று இரவு, நான்கு பகல். உதகை ஏரியில் படகு, தொட்டபெட்டாக் கொடுமுடியில் தொலைநோக்கி, கொடைக்கானலில் தூண் பாறை, இரவில் மெழுகுவத்தி ஒளியில் விருந்து, படுக்கையின்மேல் மலரிதழ்களால் அமைத்த ஓர் இதயம். அண்டை நாட்டோடு நிற்பவர்க்குக் கேமரன் மலையும் லங்காவியும். எந்தத் தாளை எடுத்தாலும் படத்தில் இருக்கும் இணையர் ஒருவரே போல்வர். கைகளை விரித்துக்கொண்டு, கண்களை மூடிக்கொண்டு, ஒரு பள்ளத்தாக்கின் விளிம்பில் நிற்பர். அந்தக் கண்மூடலைத்தான் இக்கட்டுரையில் நான் குறைகூற விழைகின்றேன்.

பயணம் போவது குற்றமன்று. இருவர் தம் வாழ்க்கையைத் தொடங்குங்கால், உறவும் சுற்றமும் ஓயாது கதவைத் தட்டும் வீட்டைவிட்டுச் சிலநாள் வெளியே போய்வருதல் நன்று, மிக நன்று. ஆயின் போய்வந்தவர் என்ன கண்டு வந்தனர்? ஓராயிரம் ஒளிப்படங்களோடு திரும்பிய ஓர் இணையரை, 'நீங்கள் சாய்ந்து நின்ற இந்த மரம் யாது?' என்று கேட்டுப் பாருங்கள். 'அழகான மரம், ஐயா' என்பதே விடையாக இருக்கும். ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே காதலையும் நிலத்தையும் ஒன்றாகக் கட்டிய மொழிக்கு உரியவர்கள், காதலிக்கும் காலத்தில் நிலத்தின்முன் ஊமையராய் நிற்கின்றனர். இவ்வூமைத்தனத்தை அவர்கட்குப் பயண முகவர் கற்பிக்கவில்லை. தமிழ் வகுப்பறை கற்பித்தது என்பது என் குற்றச்சாட்டு.

முதலில் சொல்லைப் பார்ப்போம். 'தேனிலவு' என்பது ஆங்கிலச் சொல்லின் நேர்பெயர்ப்பு. தேனும் நம்முடையது, நிலவும் நம்முடையது. சேர்த்த கைதான் நம்முடையதன்று. 1961இல் ஸ்ரீதர் 'தேன் நிலவு' என்றே ஒரு திரைப்படம் எடுத்தார். கதைமாந்தர் காசுமீரம் சென்றனர். தமிழ்நாட்டுக் கொட்டகைகள் ஏரியையும் பனியையும் வாய்பிளந்து பார்த்தன. பின்னர்த் திரையின் காதலர்க்குக் காசுமீரமும் போதவில்லை, சுவிட்சர்லாந்து வேண்டியிருந்தது. இடையே ஒரு வேடிக்கையும் நிகழ்ந்தது. 1978இல் 'பிரியா'வும், 1979இல் 'நினைத்தாலே இனிக்கும்' படமும் நம் சிங்கப்பூரிலேயே படமாக்கப்பட்டன. நாம் நாள்தோறும் பேருந்துக்குக் காத்துநிற்கும் ஊர், தமிழ்நாட்டுக் காதலர்க்குக் கனவூர் ஆயிற்று. அவர்கள் இங்கே வர ஏங்குகின்றனர். நம் பிள்ளைகள் உதகைக்குப் போக ஏங்குகின்றனர். ஒருவர் கொல்லைப்புறம் மற்றவர்க்குச் சுவர்க்கம். இருவரும் நடுவானில் ஒருவரையொருவர் கடந்து பறக்கின்றனர்!

சரி, உதகைக்கும் கொடைக்கானலுக்குமே போகட்டும். அம்மலைகளுக்கு ஏன் குறிஞ்சி நிலம் என்று பெயர்? குறிஞ்சிச் செடி பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒருசேரப் பூப்பது. 2006இல் பூத்தது, 2018இல் பூத்தது, அடுத்து 2030இல் எதிர்பார்க்கப்படுகிறது. இடைப்பட்ட ஆண்டுகளில் மணம் முடித்துப் போகும் இணையர் பூவைக் காணார். காணாவிடினும், 'நாம் ஒன்றாய் இதைக் காண இன்னும் இத்தனை ஆண்டு' என்று ஒரு பசுஞ்செடியின்முன் நின்று எண்ணிப் பார்ப்பதைவிடப் புதுமணத்தார்க்கு ஏற்ற காட்சி வேறு யாது? அந்தச் செடியின் பக்கம் அவர்களை எவரும் அழைத்துச் செல்வதில்லை. ஊசியிலை மரக்காட்டுக்கு அழைத்துச் செல்கின்றனர். அம்மரம் அம்மலைக்கு அயலானது. தைல மரமும் சீகை மரமும் 19ஆம் நூற்றாண்டில் வெள்ளையர் ஆட்சியில் ஆசுதிரேலியாவிலிருந்து வந்தவை. மலையின் புல்வெளியைப் பெரும்பகுதி அவைதாம் விழுங்கின. மலைக்கு உரியது, பள்ளங்களிலே ஒதுங்கி நிற்கும் சோலைக்காடு. 'சோலை' என்னும் தமிழ்ச்சொல்லையே உலகத் தாவரவியலாரும் அக்காட்டுக்குப் பெயராக ஆளுகின்றனர். பயணத் தாளில் அச்சொல்லை நான் கண்டதில்லை.

கேமரன் மலையின் கதை இன்னும் நெஞ்சைத் தொடுவது. அங்கே மிகப் பெயர்பெற்ற 'போ' தேயிலைத் தோட்டம் 1929இல் தொடங்கப்பட்டது. மேடு பள்ளமெல்லாம் சீவிவிட்டாற்போலக் கிடக்கும் அப்பசுமை, இன்றைய இணையரின் ஒளிப்படத்துக்கு நல்ல பின்னணி. அந்தச் சரிவுகளைத் திருத்திச் செடி நட்டுக் கொழுந்து பறித்த கைகளுள் தமிழர் கைகள் எத்தனை! நின்று படமெடுத்துக்கொள்ளும் பெண்ணின் பூட்டியார் முதுகிலே கூடை சுமந்து அதே போன்றதொரு சரிவில் நின்றவராகவே இருக்கலாம். அறிந்தால் படம் எடுக்கமாட்டாள் என்று சொல்லவில்லை. எடுப்பாள், கண்ணை மூடிக்கொண்டு எடுக்கமாட்டாள்.

நம் மரபில் இணையர் பயணம் இல்லையா? இருந்தது, அதற்குப் பெயர் உடன்போக்கு. இற்செறிப்பும் ஊரலரும் மிகுந்தபோது, தலைவியைத் தலைவன் தன்னொடு கூட்டிக்கொண்டு பாலைவழியே தன்னூர்க்குச் செல்வது. சங்கப் பாடல்களில் அவ்வழிநடை எத்துணை நுட்பமாகக் காட்டப்படுகின்றது! வெயிலில் வாடும் அவளை அவன் விரைவுபடுத்துவதில்லை. இளைப்பாறி இளைப்பாறி, விளையாடி விளையாடி நடக்கச் சொல்கிறான். எதிர்ப்படும் மரத்தைக் காட்டுகிறான், தளிரைக் காட்டுகிறான், பிடியின் பசி தீர்க்க மரப்பட்டையை உரிக்கும் களிற்றைக் காட்டுகிறான். அவன் சொல்லவேண்டியது அனைத்தையும் அந்தக் களிறு சொல்லிவிடுகிறது. இன்றைய பயணத்தில், ஒவ்வொரு காட்சிமுனைக்கும் இருபது மணித்துளி. ஓட்டுநர் ஒலிப்பானை அழுத்துகிறார்; இணையர் ஓடிவந்து ஏறுகின்றனர். உடன்போக்கில் ஆறலைகள்வர் உண்டு, ஒலிப்பான் இல்லை.

இனி வகுப்பறைக்கு வருவோம். திணையை நாம் எவ்வாறு கற்பிக்கின்றோம்? ஓர் அட்டவணை. ஐந்து நிரை, நிலம், பெரும்பொழுது, சிறுபொழுது, தெய்வம், பறை, மரம், பூ எனப் பல கட்டங்கள். மாணவன் மனப்பாடம் செய்கிறான். தேர்வில் இறக்கி வைக்கிறான். இறக்கிய சுமை இறங்கியதுதான். ஆசிரியப் பயிற்சி வகுப்புகளில் நான் வழக்கமாகக் கேட்கும் வினா ஒன்றுண்டு: 'கருப்பொருள் அட்டவணையில் நீங்கள் எழுதிய மரங்களுள் எதனை நேரில் தொட்டிருக்கிறீர்கள்?' வகுப்பு நெடுநேரம் அமைதி காக்கும். பின்னர், 'இத்தீவில் அவையெல்லாம் ஏது, ஐயா?' என்று எவரேனும் மெல்லச் சொல்வர். விடை கூறுமுன் கபிலரை நினைவூட்ட வேண்டியிருக்கிறது.

குறிஞ்சிப்பாட்டு ஏன் எழுந்தது? ஆரிய அரசன் பிரகதத்தனுக்குத் தமிழ் அறிவுறுத்தக் கபிலர் பாடியது என்பது அதன் பழைய குறிப்பு. வேற்றுமொழியாளன் ஒருவனுக்குத் தமிழ் கற்பிக்கவேண்டும். இன்றைய நம் நிலையும் ஏறக்குறைய அதுவே. வீட்டில் ஆங்கிலமே பேசும் பிள்ளைகள் நம் வகுப்புகளில் பெருகிவிட்டனர். கபிலர் அவனுக்கு இலக்கண அட்டவணை எழுதித் தரவில்லை. இரு பெண்களை மலைச்சாரலுக்கு அனுப்பினார். தினைப்புனங் காக்கச் செய்தார். அருவியில் ஆடச் செய்தார். மலர் கொய்து பாறையிலே குவிக்கச் செய்தார். அம்மலர்களை ஒவ்வொன்றாய்ப் பெயர் சொல்லி அழைத்தார். தொண்ணூற்றொன்பது என்று எண்ணுவர். 261 அடிப் பாட்டில் இத்தனை பூக்களா என்று வியப்பவர் உண்டு. 'வெறும் பட்டியல்' என்று முகம் திருப்புவோரும் உண்டு. பட்டியல் அன்று அது, பாடமுறை. பெயர் தெரிந்தாற் கண் திறக்கும். கண் திறந்த பின்னரே நாய்களோடும் வில்லோடும் அத்தலைவன் வருகிறான், மதங்கொண்ட யானை வருகிறது, காதல் பிறக்கிறது. வெளியே அழைத்துச் செல்லாமல் தமிழ்க்காதலைக் கற்பிக்க இயலாது என்று கபிலர் கண்டார். நாம் மட்டும் குளிரூட்டிய அறையில் பலகைத் திரையில் அதைக் கற்பித்துவிட முடியும் என்று நம்புகின்றோம்.

'இத்தீவில் ஏது?' என்ற வினாவுக்கு வருகிறேன். தொலைவு போகவேண்டுவதில்லை, ஆங் மோ கியோ போதும்.

'செம்முடியர் பாலம்' என்று பலரும் பொருள்கூறும் இவ்வூர், 1970களில் எழுந்த புதுநகரம். அதற்குமுன் ரப்பர்த் தோட்டமும் சதுப்பும் சிற்றூர்களுமாய்க் கிடந்தது. நகரின் தென்புறத்தே காலாங் ஆறு ஓடுகிறது. நெடுங்காலம் அது ஆறாகவே இல்லை. இருகரையும் சிமெண்டு பூசிய நேர்வாய்க்கால். பீஷான்–ஆங் மோ கியோ பூங்காவில் அவ்வாய்க்காலை உடைத்து, 2.7 கிலோமீட்டர் நேர்கோட்டை ஏறத்தாழ 3 கிலோமீட்டர் நெளிவாக மாற்றி, 2012இல் ஆறாகவே திருப்பித் தந்தனர். பிறகு நிகழ்ந்ததுதான் எனக்குப் பெருவியப்பு. ஆற்றுமாசினால் 1970களில் தீவைவிட்டே அற்றுப்போனதாகக் கருதப்பட்ட நீர்நாய்கள் 1990களின் இறுதியில் கடல்வழி திரும்பி, 2014 வாக்கில் இப்பூங்காவிலும் குடும்பமாய்க் குடியேறின. வைகறையில் சென்றால், மீனைக் கையிற் பிடித்துக் கடித்துத் தின்பதைக் காணலாம். ஊரே கூடி வேடிக்கை பார்க்கிறது. இளைய இணையர் புல்மேட்டில் அமர்ந்து படம் பிடிக்கின்றனர். அவர்களுள் தமிழர் எத்தனை பேர்க்கு, நீர்நாய் வாளைமீனை இரைகொள்ளும் காட்சி ஐங்குறுநூற்று மருதப் பாடலில் உண்டு என்பது தெரியும்? மருதத்துக்குத் தொல்காப்பியம் வகுத்த சிறுபொழுது வைகறையும் விடியலும் என்பது தெரியும்? மருதத்தின் உரிப்பொருள் ஊடல். அப்புல்மேட்டில் ஒருவர் முகத்தை ஒருவர் பாராது நெடுநேரம் கைப்பேசியைத் தடவியிருக்கும் இணையரையும் கண்டிருக்கிறேன். திணை பிறழவில்லை என்று எண்ணிக்கொண்டேன்.

சாலைக்கு வாருங்கள். இத்தீவின் சாலையோரங்களில் அங்சானா மரத்தைப் பாராதவர் இலர். பெருங்கிளைகளை வெட்டி நட்டாலும் பிழைத்து விரைவில் நிழல்தரும் என்பதால், நகரைப் பசுமையாக்கிய காலத்தில் மிகுதியும் நட்டனர். வறட்சிக்குப்பின் மழை பெய்தால் மரம் முழுதும் பொன்னிறமாய்ப் பூக்கும். மறுநாள் நடைபாதையெல்லாம் மஞ்சள் விரிப்பு. குறிஞ்சிப் பாடல்களில் எங்கும் நிற்கும் வேங்கைக்கு நெருங்கிய உறவு இம்மரம். தாவரவியலார் இரண்டையும் ஒரே பேரினத்தில் அடக்குவர். வேங்கைப்பூ உதிர்ந்த பாறை புலிக்குட்டி கிடப்பதுபோல் தோன்றும் என்பது சங்கப் புலவர்க்குச் சலிக்காத உவமை. பூக்கொய்யும் மகளிர் அம்மரத்தடியில் 'புலி, புலி' என்று ஆரவாரிப்பதும் அங்கே உண்டு. அங்சானாவும் வேங்கையும் ஒன்றென்று ஆசிரியர் சொல்லிவிடக்கூடாது, அது பொய். உறவு என்று சொல்லலாம். உறவென்பது எத்துணை வலிய சொல் என்பதைப் பிள்ளைகள் அறிவர்.

கிழக்குக் கடற்கரை, கடலைத் தூர்த்து உண்டாக்கிய நிலம். ஆங்கும் பிற கடலோரங்களிலும் நிற்கும் புன்னையை மலாய் நண்பர்கள் பெனாகா லாவுட் என்பர். நற்றிணையில் ஒரு புன்னை உண்டு. சிறுபருவத்தில் மணலிற் புதைத்து மறந்த விதை முளைத்து, பாலும் நெய்யும் ஊட்டி வளர்த்த மரம்; அது உங்களினும் சிறந்த உடன்பிறந்தாள் என்று அன்னை சொல்லியிருக்கிறாள்; எனவே அதன் நிழலில் உன்னோடு நகைத்து விளையாட நாணுகின்றோம் என்று தலைவனிடம் சொல்லப்படுகின்றது. மரத்தை உடன்பிறந்தாளாய்க் கொண்ட மொழியிற் பிறந்தவர், மரத்தின் மேனியில் கத்தியால் தம் பெயரைக் கீறுகின்றனர். பெயரைச் சுற்றி இதயம் வேறு.

'எல்லாம் நட்டு வளர்த்தவை. இது காடா, இது மலையா?' என்று எள்ளுவோர் உளர். புக்கித் தீமா 164 மீட்டர் கூட எட்டாது என்று அளவும் காட்டுவர். குன்றின் உயரத்தை வைத்துத் திணை வகுத்தவர் யார்? தலைவி வளர்த்த புன்னையும் நட்ட மரந்தான்.

பாலைக்கு எங்கே போவது என்பார்க்கு, ஆங் மோ கியோவை ஒட்டிய லோவர் பியர்ஸ் நீர்த்தேக்கத்தைக் காட்டுவேன். அங்கே மரப்பலகைப் பாதையில் நடந்தால், காட்டோடு காடாகிவிட்ட பழைய ரப்பர் மரங்களைக் காணலாம். வெயில் ஏறியதும் ரப்பர்க்காய் படீரென வெடித்து வித்தைத் தெறிக்கும். பாலைப் பாடலில் கள்ளிக்காய் வெடிக்கும் ஓசைக்குத் துணையோடிருந்த புறாக்கள் வெருவிப் பறக்கும். ஓசை ஒன்றே, பொருளும் ஒன்றே என்பேன். அம்மரத்துக்குப் பால் வெட்ட, மனைவியரை ஊரில் விட்டுக் கப்பலேறி மலாயாவுக்கும் இத்தீவுக்கும் வந்த ஆடவர்தாமே நம்முள் பலருடைய பாட்டன்மார்? பொருள்வயிற் பிரிவு என்று மதிப்பெண்ணுக்காக எழுதும் பிள்ளைக்கு, தன் குடும்பமே அத்துறையின் பாட்டு என்று எவரும் சொன்னதில்லை.

அப்பிரிவு முடிந்துவிட்டதா? ஞாயிறு மாலை லிட்டில் இந்தியாவின் திடல்களுக்குப் போய்ப் பாருங்கள். தஞ்சையிலிருந்தும் புதுக்கோட்டையிலிருந்தும் இராமநாதபுரத்திலிருந்தும் கட்டுமானத்துக்கும் கப்பல் பட்டறைக்கும் வந்தவர்கள். வேலை அனுமதிச் சீட்டில் உழைக்கும் அவர்கள் மனைவி மக்களை இங்கு அழைத்து வைத்துக்கொள்ள இயலாது. அவர்களுக்கு இணையர் பயணம் என்பது உள்ளங்கை அகலத் திரைதான். அத்தகைய இளைஞர் ஒருவர் எங்கள் பூங்காவின் பாலத்தில் நின்று, கைப்பேசியை ஆற்றின் பக்கம் திருப்பிப் பிடித்து, 'அந்தா பாரு, நீர்நாயி, குட்டியோட போவுது பாரு' என்று ஊரிலிருந்த மனைவிக்குக் காட்டிக்கொண்டிருந்ததைக் கேட்டேன். மரத்தையும் பூவையும் கூடக் காட்டினார். அன்று அப்பூங்காவில் கண்ணைத் திறந்துகொண்டு காதலித்தவர் அவர் ஒருவரே என்று தோன்றிற்று. மூன்று இரவு நான்கு பகலுக்குப் பணம் கட்டியவர்களைவிட அவர் மிகுதியாகக் கண்டார். உடன் வரவேண்டியவள்தான் உடனில்லை.

மற்றொரு தடை, நம்மவரிடமிருந்தே வருவது. அகப்பாட்டை மாணவரிடம் விரித்துரைப்பது ஒழுக்கக்கேடு, அதிலும் பூங்காவுக்கு அழைத்துச் சென்று சொல்வதா என்று கேட்கும் பெரியோர் இன்னும் உளர். பூங்காவில் அருகருகே அமர்ந்த தமிழ்ப்பிள்ளைகள் இருவரைக் கண்டால், யார் வீட்டுப் பிள்ளை என்று நெற்றி சுருக்குவர். அவர்களே மணமண்டபத்தில், மணமக்கள் கடலோரத்தில் ஓடிப் பிடித்து விளையாடிய படம் பெருந்திரையில் ஓடும்போது கைதட்டுகின்றனர்! மணத்துக்கு முன்பே எடுத்த படம் அது. படப்பிடிப்பாளர் ஆணையிட, மூன்றுமுறை ஓடி நான்காம் முறை சரியாக வந்த ஓட்டம். பொய்க்காதலுக்குக் கைதட்டு, மெய்க்காதலுக்கு அலர். அலர் தூற்றியோர் சங்க காலத்திலும் இருந்தனர். ஆயின் எந்தப் புலவரும் அவர் பக்கம் நின்று பாடவில்லை. குறிஞ்சிப்பாட்டு முழுவதுமே, மகளின் களவைக் குறித்துக் கலங்கும் செவிலியிடம் தோழி எடுத்துரைக்கும் வழக்குரைதான். 'வெளியே சென்றோம், இவை இவை கண்டோம், இவ்வாறு இவன் வந்தான், இவன் தக்கான்' என்று ஒளிவின்றிச் சொல்லுகிறாள். அறத்தொடு நிற்றல் என்று அதற்குப் பெயரிட்டனர் முன்னோர். தமிழாசிரியர் செவிலியின் நெற்றிச் சுருக்கத்தைக் கடன்வாங்கி வைத்திருப்பதைவிடத் தோழியின் நாவைக் கடன்வாங்குவது தகும்.

ஆகவே ஆசிரியப் பயிற்சியில் இதனையே முதற்பணியாக வைக்கவேண்டும் என்று வற்புறுத்துகிறேன். திணைப் பாடம் நடத்தப்போகும் ஒவ்வொருவரும், பாடக்குறிப்பு எழுதுமுன், ஒரு நாள் காலை ஏழு மணிக்குள் காலாங் ஆற்றங்கரைக்கு வரவேண்டும். கையில் அட்டவணை கூடாது. தாம் காணும் மரம், பூ, புள், விலங்கு ஆகியவற்றுக்குத் தமிழ்ப்பெயர் பத்தேனும் எழுதவேண்டும். தெரியாதவற்றுக்கு அருகில் நிற்கும் மலாய் முதியவரிடமோ சீன முதியவரிடமோ அவர்தம் மொழிப்பெயரைக் கேட்டு எழுதலாம். மணமானவர் துணையையும் அழைத்து வரலாம். மணமாகாதவர் எவரை அழைத்து வருகிறார் என்று கேட்கும் வேலை பயிற்றுநர்க்கு இல்லை. பெயர்ப்பட்டியலைத் திருத்தி முடித்த பிறகு மற்றதைப் பேசிக்கொள்வோம். உதகைக்கு எந்த ஆண்டில் போவது என்பதையுங்கூட.